நிறை குறைவு

சான்றுப்பொருள் அறையின் திறப்பு
பதினொரு வருசமாக என் கைப்பையில்,
சீப்புக்கும் பஸ் சீசனுக்கும் நடுவே கிடக்கிறது.

மாதகல் கரையில் நனைந்தபடி பிடிபட்ட கஞ்சாப் பொதி
முப்பத்தொரு கிலோ நானூறு கிராம்.
ஆவணி கழிய நிறுத்தால் இருபத்தாறு.
'காய்ந்து போனது' என்று எழுதினேன்.
நீதவான் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.
காய்ந்ததுதான், ஐயா.
எலியும் கொஞ்சம் தின்றது.
மற்றத் திறப்பு ஆரிடம் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

எதிர் ராக்கையில் வாள்கள்.
லொறி வில்லுத்தகட்டில் அடித்தவை.
துரு ஏறினாலும் நிறை குறையாதவை.
பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றியிருப்பார்கள்.
சுன்னாகம் வழக்கில் வந்த ஒன்றுக்கு மட்டும்
நீலமும் வெள்ளையுமாய்
ஒரு பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி.
எந்தப் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரியும்.
பதிவேட்டில் 'துணி' என்று போட்டேன்.

போன சனிக்கிழமை நகரத்தில் ஒரு கூட்டம்.
'தடையா, அனுமதியா' என்று பதாகை.
சட்டத்தரணி குணபாலசிங்கம் மேசையில் தட்டிச் சொன்னார்:
"தடைதான் விலையை ஏத்துது.
விலைதான் வாளைத் தீட்டுது.
மறியலிலை கிடக்கிறவன் எவன் போட் முதலாளி?
கடையைத் திறந்து வரியைப் போடுங்கோ."
சிலர் கை தட்டினார்கள். நானும் அரைவாசி தட்டினேன்.

மனநல வைத்தியர் அருளாம்பிகை எழும்பினா.
குரலை உயர்த்தவில்லை.
"தவறணைக்கு லைசன்ஸ் குடுத்தம்.
கசிப்பு நிண்டதோ?
என்ர வாட்டிலை பதினேழு வயசு ஒண்டு
சுவரிலை பூச்சி பிடிச்சுக்கொண்டு நிக்குது.
அதுக்கு எந்தக் கடையிலை பில் போடுவியள்?"
அதற்கும் கை தட்டினார்கள்.
வெளிநாட்டுக்கு ஏற்றலாம், டொலர் வரும் என்று
பின்வரிசையில் ஒருவர் தொடங்கினார்.
மிக்சர் தட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

அப்போதுதான் அந்த மனுசி எழும்பினது.
புவனலோஜினி, கோப்பாய்.
ஒலிவாங்கியை வாங்கத் தெரியாமல் வாங்கி,
"என்ர மகனை வெட்டினது நாலாயிரம் ரூபாக் கடனுக்கு.
அது கஞ்சா இல்லை, ஐஸ்.
உங்கட சட்டத்திலை ஐஸும் வருமோ?
வந்தால், அந்த நாலாயிரத்தை
இனி ஆர் வந்து கேட்பினம்?"

ஒலிபெருக்கி கீச்சென்றது.
யாரோ நேரம் முடிந்தது என்றார்கள்.

திங்கட்கிழமை அறை வாசலில் அவ.
மகனின் செருப்பு கிடக்காம், வலது கால்.
தர ஏலாது அம்மா, வழக்கு முடியவில்லை.
"தர வேண்டாம். ஒருக்காப் பாக்கிறன்."
உள்ளே விடக்கூடாது.
விட்டேன்.

கஞ்சா மணத்துக்கு முந்தானையை மூக்கில் வைத்தபடி
செருப்பைத் தேடிப் போனவ
மற்ற ராக்கையடியில் நின்றுவிட்டா.
சுன்னாகத்து வாள்.
மகன் வெட்டுப்பட இரண்டு மாதம் முந்தி
எவனோ ஒருவனின் தோளைத் திறந்த வாள்.
எறிந்துவிட்டு ஓடியவனைப்
பொலிஸ் இன்னும் தேடுகிறது.

அவ இரும்பைப் பார்க்கவில்லை.
கழுத்துப்பட்டியின் கிழிந்த ஓரத்தில்
நீலநூல் கிடைக்காமல் யாரோ
பச்சைநூலால் போட்ட தையல்.
அதன்மேல் ஒரு விரலை வைத்தா.
எடுத்தா.
தொடக்கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு.

செருப்பைக் கேட்காமலே போனா.
படிக்கட்டில் மட்டும் திரும்பி,
"பிள்ளை, அதைப் புத்தகத்திலை
என்னண்டு எழுதியிருக்கிறியள்?"

"துணி எண்டு."

தலையாட்டினா.
சந்தியில் எழுநூற்று அறுபத்திநாலு ஹோன் அடித்தது.
சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினா.

நான் பதிவேட்டை விரித்தேன்.
பேனையின் மூடியைக் கழற்றினேன்.
பின்னேரம் நாலு மணிக்கு
மூடியைத் திரும்பப் போட்டேன்.